சில்லுக்குள் கேட்ட சத்தம்



சென்ற மாதம் நமது வானொலியில் நான் பேசிய உரையின் எழுத்து வடிவம் இது. ஒலிபரப்பான பிறகு சிலர் தொலைபேசியில் அழைத்து, "உந்தப் புகையிரதக் கதையை எழுத்திலும் தாருங்கோ" என்று கேட்டார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுவிட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கதை எங்கள் வீட்டுப் பழைய வானில் தொடங்குகிறது. படுக்கையும் சிறு அடுப்பும் உள்ள வொக்ஸ்வாகன் வெஸ்ட்ஃபாலியா வான் அது. 1980களில் செய்யப்பட்டது. இத்தகைய வானை இங்கே காம்பர் வான் என்பார்கள். அதை வாங்கிய அன்று என் மாமியார், "கம்பரோ? இராமாயணம் பாடினவரோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கம்பர் என்றே பெயர்.

ஒரு வருடம் வசந்த காலத்தில் கம்பரின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. "ஊம்" என்று தாழ்ந்த குரலில் ஓர் இரைச்சல். வேகம் கூடினால் சத்தமும் கூடும். வலப்பக்கம் வளைந்தால் இன்னும் கூடும், இடப்பக்கம் வளைந்தால் குறையும். நான் கணக்காளன். வருமான வரிக் காலம், வேலை தலைக்குமேல். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன். சத்தம் தொந்தரவு தந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டேன். ஒலிபரப்பாளன் ஒருவன் செய்யக்கூடிய வேலையா அது?

யூலை மாதத்தில் குடும்பத்தோடு கியூபெக் நகரம் போய், 20ஆம் நெடுஞ்சாலை வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். தேநீர் குடிக்க நிறுத்தியபோது எரிந்த கிரீஸ் மணந்தது. இடது முன் சில்லின் நடுவில் கைவைத்தவன் சுரீரென்று இழுத்துக்கொண்டேன். பிள்ளைகள் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் ஓட்டவில்லை. இழுவை வண்டியில்தான் கம்பர் மொன்றியல் வந்து சேர்ந்தார்.

மறுநாள் சில்லைக் கழற்றிய தமிழ்த் தம்பி, உள்ளே இருந்த பெயாரிங்கை என் கையில் வைத்தார். பளபளக்க வேண்டிய உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து, அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தன. "அண்ணை, இது கனநாளாச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். நீங்கள்தான் கேக்கேல்லை" என்றார். இரண்டு முன் சில்லுகளுக்கும் வாங்கிய புதுப் பெயாரிங்குகளின் விலை, இழுவை வண்டிக்குக் கொடுத்த காசில் பாதிகூட இல்லை.

"நீங்கள்தான் கேக்கேல்லை" என்ற அந்தச் சொல் எனக்குள் நின்றுவிட்டது. பெயாரிங் சொல்லாமல் உடைவதில்லை. முதலில் சத்தம், பிறகு சூடு, பிறகு புகை என்று முறையாகத்தான் சொல்கிறது. அதைக் கேட்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் இந்த நாட்டின் வரலாற்றில் ஓர் இரவு எனக்குப் பட்டது. அதற்குப் போகுமுன் சில்லின் பழங்கதையைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

சில்லு உருளும்போது அது அச்சோடு உராய்கிறது. உராய்ந்தால் சூடு, சூடேறினால் தேய்வு. எங்கள் ஊர் மாட்டு வண்டியில் அச்சின் முனை சில்லின் குடத்துக்குள் போகும். சில்லு வெளியே கழன்றுவிடாமல் கடையாணி பிடித்திருக்கும். உராய்வைக் குறைப்பது வண்டி மை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்தது அது. மை காய்ந்துவிட்டால் சில்லு கிறீச்சிடும். வண்டிக்காரர் இறங்கி மை போடுவார். அவரைத் தவிர வேறு காது தேவைப்படவில்லை.

வெகுதூரம் போகும் வண்டிக்கு மை மட்டும் போதாது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார், உப்பு விற்கும் உமணர் தங்கள் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைச் சொல்கிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும் என்பது உமணரின் கவலை. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய வணிகர், வழியில் அச்சு முறியலாம் என்பதைப் பயணச் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நானோ நெடுஞ்சாலைக்கு ஒரு சிறு டப்பா கிரீஸ்கூட எடுத்துப் போகவில்லை.

அச்சும் குடமும் ஒன்றோடொன்று உராயாமல் நடுவில் உருளும் பொருளை வைத்தால் என்ன என்ற யோசனை பழையது. அது எல்லோர் கைக்கும் வந்தது சைக்கிளால்தான். 1869இல் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த யூல் சுரிறே என்பவர் சைக்கிளுக்கான குண்டுப் பெயாரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ருவான் நகரம் வரை நடந்த சைக்கிள் ஓட்டத்தில், அந்தப் பெயாரிங் பூட்டிய சைக்கிளில் ஜேம்ஸ் மூர் என்ற ஆங்கிலேயர் முதலாவதாக வந்தார். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகக் கடைந்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதன் பிறகு குண்டுகள் மலிந்தன.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களில் பலருக்கு இந்தக் கண்டுபிடிப்பு கைப்பழக்கம். சைக்கிள் கடையில் சில்லைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு தட்டில் எண்ணி வைத்து, கிரீஸைப் பூசி ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்குவார்கள். ஒரு குண்டு குறைந்தாலும் கடைக்காரர் விடமாட்டார், தரையெல்லாம் தேடுவார். எரிபொருள் வராத 1990களில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது.

பாரம் கூடிய வண்டிக்குக் குண்டு போதாது. குண்டு தொடுவது ஒரு புள்ளியில், உருளை தொடுவது ஒரு கோட்டில். அதனால் உருளை அதிக பாரம் தாங்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி ரிம்கன், 1898இல் கூம்பு வடிவ உருளைப் பெயாரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். நேர் பாரத்தோடு, வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்குவது கூம்பு உருளையின் சிறப்பு. எங்கள் கம்பரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பவை இந்த வகைதான்.

இனிப் புகையிரதத்துக்கு வருவோம். அங்கே நெடுங்காலம் உருளையும் இல்லை, குண்டும் இல்லை. அச்சின் இருமுனைகளும் ஒவ்வோர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அச்சின்மேல் ஒரு பித்தளைக் கட்டை அமர்ந்து வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும். பெட்டியின் அடியில் எண்ணெய். அதை உறிஞ்சி அச்சில் பூச ஒரு திண்டு, அதற்கு முன்பு பஞ்சுக் கழிவு. எண்ணெய் இருக்கும் வரை எல்லாம் நலம். எண்ணெய் வற்றினாலோ திண்டு இடம் மாறினாலோ உலோகத்தோடு உலோகம் உரசும். சூடேறும், புகையும், எரியும். கடைசியில் அச்சின் முனை வெந்து முறியும். சூடான பெட்டி என்பதே புகையிரதத் தொழிலாளர் இதற்கு இட்ட பெயர். தரிப்பு நிலையங்களில் ஆட்கள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து எண்ணெய் விடுவார்கள். ஓடும்போது, கடைசிப் பெட்டியில் இருப்பவர் வளைவுகளில் தலையை நீட்டி, எங்காவது புகைகிறதா என்று பார்ப்பார்.

இந்த வேலைகளுக்கெல்லாம் மொன்றியல் ஒரு தலைநகரமாக இருந்தது. ரோஸ்மொன் பகுதியில் 1904இல் திறந்த அங்கஸ் தொழிற்சாலையில் கனடியன் பசிபிக் கம்பனியின் எஞ்சின்களும் பெட்டிகளும் கட்டப்பட்டன, திருத்தப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தார்கள். 1992இல் அது மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் வீடுகளும் அலுவலகங்களும் அங்காடியும் இருக்கின்றன. அங்கே மரக்கறி வாங்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அதே கம்பனியின் தலைமையகம் 1889இல் திறந்த வின்சர் நிலையம். லூசியன் லாலியே மெற்றோவுக்கு அருகே இருக்கும் அந்தப் பெரிய கற்கட்டடம்தான். 1996இல் தலைமையகம் கல்கரிக்குப் போகும்வரை கம்பனியின் முடிவுகள் அங்கிருந்தே எடுக்கப்பட்டன.

உருளைப் பெயாரிங் புகையிரதத்துக்கும் பொருந்தும் என்பது 1930 முதலே தெரிந்த விடயம். அந்த ஆண்டு ரிம்கன் கம்பனி, எல்லா அச்சிலும் உருளைப் பெயாரிங் பூட்டிய 1111 இலக்க நீராவி எஞ்சினைக் கட்டுவித்து, அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகளிடம் ஓட்டிக் காட்டியது. சிகாகோவில் மூன்று பெண்கள் கயிறு கட்டி அந்த எஞ்சினை இழுத்துக் காட்டிய படம் பத்திரிகைகளில் வந்தது.

அப்படியிருந்தும் சரக்குப் பெட்டிகள் ஏன் மாறவில்லை? எனக்கு இது கணக்கியல் கேள்வியாகப் படுகிறது. வட அமெரிக்காவில் சரக்குப் பெட்டி ஒரு கம்பனியுடையது, தண்டவாளம் இன்னொன்றுடையது. ஒருவரின் பெட்டி எல்லோருடைய பாதையிலும் ஓடும். புதுப் பெயாரிங்குக்குப் பெட்டிச் சொந்தக்காரர் இன்றே பணம் கட்ட வேண்டும். அதனால் மிச்சமாகும் எண்ணெயும் ஆள் கூலியும் விபத்துச் செலவும் பெரும்பாலும் வேறொருவரின் புத்தகத்தில், பல வருடம் கழித்து வரும். யார் முந்திக்கொள்வார்? 1960களில் புதிதாகக் கட்டும் பெட்டிகளுக்கு உருளைப் பெயாரிங் விதியாயிற்று. ஆனால் சரக்குப் பெட்டியின் ஆயுள் நீண்டது. பழைய பெட்டிகள் பழைய பித்தளைக் கட்டையோடு ஓடிக்கொண்டே இருந்தன.

1979 நவம்பர் 10, சனிக்கிழமை இரவு. கனடியன் பசிபிக்கின் 54ஆம் இலக்கச் சரக்குப் புகையிரதம், 106 பெட்டிகளோடு ஒன்ராறியோவின் வின்சர் பக்கமிருந்து ரொறன்ரோவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நமது நிலையத்துக்கும் அந்த நகரத்துக்கும் ஒரே பெயர், குழம்ப வேண்டாம். முன்னாலிருந்து 33ஆவது பெட்டி, தொலுயீன் என்ற எரியும் திரவம் கொண்ட தாங்கி. அதன் ஒரு பெயாரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. சூடேறியது. பாதையோரம் இருந்தவர்கள் புகையையும் தீப்பொறியையும் கண்டார்கள். எஞ்சினில் இருந்தவர்களுக்கும் கடைசிப் பெட்டியில் இருந்தவருக்கும் அது தெரியவில்லை. இரவு, நீளமான வண்டி, நடுவில் ஒரு பெட்டி.

மிசிசாகாவுக்குள் வந்தபோது பேர்ணம்தோர்ப் வீதிக்கருகே அச்சு முறிந்து, ஒரு சோடிச் சில்லு கழன்று ஒரு வீட்டின் பின்வளவில் போய் விழுந்தது. மேலும் சில கிலோமீற்றர் அப்படியே இழுபட்டு வந்த பெட்டி, நள்ளிரவுக்குச் சில நிமிடம் இருக்கையில் மேவிஸ் வீதிக் கடவையில் தடம்புரண்டது. அதைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் சரிந்தன. அவற்றில் பதினொன்று புரோப்பேன் வாயுத் தாங்கிகள். சில வெடித்து, தீப்பிழம்பு வானளாவ எழுந்தது. 27 வயதான பிரேக்குப் பணியாளர் ஒருவர் எரியும் பெட்டிகளை நோக்கி நடந்துபோய், பிரேக்குக் குழாயின் அடைப்பை மூடிவிட்டு வந்தார். அதனால் எஞ்சின், தடம்புரளாத முன் பெட்டிகளை அங்கிருந்து இழுத்துச் செல்ல முடிந்தது.

பெரிய பயம் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. கவிழ்ந்தவற்றில் ஒன்று, ஏறத்தாழ 80 தொன் குளோரின் நிரப்பிய தாங்கி. அதில் ஓட்டை விழுந்திருந்தது. முதல் உலகப் போரில் நச்சு ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. அதிகாலை முதல் வீடு வீடாகத் தட்டி மக்களை வெளியேற்றினார்கள். ஞாயிறு முடிவதற்குள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் நகரத்தை விட்டுப் போனார்கள். மூன்று வைத்தியசாலைகளின் நோயாளிகளும் இடம்மாற்றப்பட்டார்கள். வட அமெரிக்காவில் அமைதிக் காலத்தில் அதற்குமுன் இவ்வளவு பெரிய வெளியேற்றம் நடந்ததில்லை. இடம்பெயர்தல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிரவு ஒரு நகரம் முழுவதும், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் புறப்பட்டது.

அப்போது மேயராக இருந்தவர் ஹேசல் மக்கலியன். பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை. அவர் நமது மாகாணத்துப் பெண். 1921இல் காஸ்பேயின் போர்ட் டானியலில் பிறந்தவர். மொன்றியலில் படித்து, வேலை பார்த்து, பின்னர் ஒன்ராறியோ போனவர். அந்த வாரம் காலைச் சுளுக்கிக்கொண்டு, நொண்டியபடியே கூட்டங்களுக்குப் போய்வந்தார். 16ஆம் திகதி கடைசிக் குடும்பங்களும் வீடு திரும்பின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. மிசிசாகா அற்புதம் என்று இன்றும் சொல்கிறார்கள். நம்மில் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் போகும்போது மேவிஸ் வீதியைக் கடக்கிறோம். அங்கே நடந்தது பலருக்குத் தெரியாது.

நீதிபதி சாமுவேல் கிரேஞ்ச் தலைமையில் மத்திய அரசு விசாரணை நடத்தியது. அறிக்கை 1981இல் வெளிவந்தது. ஆபத்தான பொருள் ஏற்றும் பெட்டிகளுக்கு உருளைப் பெயாரிங் வேண்டும், பாதையோரம் சூடறி கருவிகள் வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் முக்கியமானவை. சூடறி கருவி என்பது, கடந்துபோகும் ஒவ்வொரு சில்லின் வெப்பத்தையும் அகச்சிவப்புக் கதிரால் அளப்பது. இரண்டுமே அன்று புதிய கண்டுபிடிப்புகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒன்று 1930இல் ஓட்டிக் காட்டப்பட்டது. மற்றதும் 1979க்கு முன்பே பாவனையில் இருந்தது. ஒரு நகரம் காலியாகும்வரை அவற்றுக்குப் பணம் ஒதுக்கத்தான் ஆளில்லை.

சரி, உருளைப் பெயாரிங்கும் சூடறி கருவியும் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? 2023 சனவரி 29இல் ஹேசல் மக்கலியன் 101 வயதில் காலமானார். அதற்கு ஐந்து நாள் கழித்து, பெப்ரவரி 3ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஈஸ்ற் பலஸ்ரைன் என்ற சிற்றூரில் ஒரு சரக்குப் புகையிரதம் தடம்புரண்டது. 38 பெட்டிகள் சரிந்தன. காரணம், 23ஆவது பெட்டியின் சூடேறிய பெயாரிங். இம்முறை அது உருளைப் பெயாரிங். பாதையில் கருவிகளும் இருந்தன.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் வந்த எண்கள் இவை. முதல் கருவி, சுற்றுப்புறத்தை விட 21 பாகை செல்சியஸ் கூட என்று அளந்தது. அதற்கு 16 கிலோமீற்றர் தள்ளி அடுத்த கருவி 57 பாகை என்றது. மேலும் 32 கிலோமீற்றர் தள்ளி மூன்றாவது 141 பாகை என்று அலறியது. வண்டியை நிறுத்தத் தொடங்கும்போதே அச்சு போய்விட்டது. இரண்டாவது அளவு, கம்பனி வைத்திருந்த எல்லைக்குள் இருந்ததால் ஓட்டுநருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. எல்லைக்குள் இருந்தது உண்மைதான். ஆனால் 21, 57 என்று ஏறுவது கணக்குப் படித்த எவருக்கும் உறுத்த வேண்டிய வரிசை. அந்த இடைவெளியில் வீடுகளிலும் கடைகளிலும் பூட்டியிருந்த காவல் கமராக்களில், பெட்டியின் கீழ் நெருப்பு ஒளிர்வது பதிவாகியிருந்தது. 1979இல் கண்டவர்கள் பாதையோர மக்கள், 2023இல் கண்டவை பாதையோரக் கமராக்கள். இரண்டு முறையும் வண்டியை நிறுத்தக்கூடியவருக்குச் சேதி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

வீதியிலும் இதே கதைதான். 1990களின் நடுவில் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் பார ஊர்திகளின் சில்லுகள் கழன்று பறந்து உயிர்கள் போயின. நட்டு தளர்வதும் பெயாரிங் போவதும் இதற்கு முக்கிய காரணங்கள். 1997இல் அந்த மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. வர்த்தக ஊர்தியின் சில்லு கழன்றால் அதுவே குற்றம். "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்ற பதில் செல்லாது. தண்டம் 2,000 டொலர் முதல் 50,000 டொலர் வரை. செலவைத் தள்ளிப்போடுகிறவரின் புத்தகத்திலேயே விளைவையும் எழுதிவிட்டார்கள். கணக்காளன் என்ற முறையில் எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும்.

சொந்த வாகனத்துக்கு அப்படிச் சட்டம் தேவையில்லை. விளைவு நம் பின் இருக்கையிலேயே தூங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே, கேட்டுப் பழகுவது எப்படி என்று தம்பியிடம் நான் கற்றதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலில் காது. வேகத்தோடு கூடும் இரைச்சல், வளைவில் மாறினால் பெயாரிங் மீது ஐயம் கொள்ளுங்கள். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சில்லுக்குப் போகிறது. அப்போது சத்தம் கூடினால் நோய் பெரும்பாலும் இடது பக்கம். ரயரின் சத்தமும் இப்படி ஏமாற்றும். ஆனால் அது வளைவில் இவ்வளவு மாறாது.

அடுத்தது சூடு. அரை மணி நேரம் ஓடிய பின் நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், எடுத்த எடுப்பில் தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் பெயாரிங்கோ இறுகிய பிரேக்கோ என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கை. சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குத் தடை வைத்து, ஜக்கால் தூக்கித் தாங்கியில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சில்லின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தடக்கென்று ஆடினால் பெயாரிங்கோ, சில்லைத் தாங்கும் மூட்டோ தேய்ந்திருக்கிறது. பிறகு சில்லைச் சுற்றிவிட்டு, சுருள்வில்லில் மறு கையை வையுங்கள். கரகரப்பு இருந்தால் விரலுக்குத் தெரியும்.

மாற்றுவது கராஜுக்கான வேலை. ஆனால் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. பிரேக்கைக் கழற்றி, மூடியை எடுத்து, நட்டையும் அதன் பூட்டையும் திறந்தால் வெளிப் பெயாரிங் வரும். உள்ளே மற்றொன்று, அதன் பின்னால் ஒயில் சீல். உருளைகளை மட்டும் மாற்றினால் போதாது. குடத்துக்குள் இறுகி இருக்கும் வெளி வளையத்தையும் தட்டி எடுத்து, அதே சோடியின் புது வளையத்தைப் போட வேண்டும். பழைய வளையத்தில் புது உருளை ஓடினால் புதிதும் கெடும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, புதியதை உருளைகளின் இடுக்கெல்லாம் புகும்படி அழுத்தி நிரப்ப வேண்டும். இருவகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது. சீல் புதிதாக இருக்க வேண்டும். நமது வீதியில் கொட்டும் பனிக்கால உப்பு நீர் உள்ளே போனால் கறள் பிடித்து, அடுத்த கோடையைக் காணாது.

கடைசி வேலைதான் நுட்பமானது. சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்த வேண்டும். எங்கள் வானில் நட்டின் பின்னால் ஒரு தட்டை வளையம் இருக்கிறது. திருப்புளி நுனியால், விரல் பலத்தில் தள்ளினால் அது மெல்ல நகர வேண்டும். அதுதான் அளவு. அதிகம் இறுக்கினால் சூடேறும், அதிகம் தளர்ந்தால் ஆடும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். புதிய வாகனங்கள் பலவற்றில் குடமும் பெயாரிங்கும் ஒரே பொதியாக வருவதால் இந்த வேலை இல்லை. கெட்டால் பொதியோடு மாற்றுவார்கள். ஆனால் அவையும் கெடுமுன் அதே "ஊம்" என்ற குரலில்தான் சொல்லும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். எப்படியும் வருடத்தில் இரண்டு முறை நமது சில்லுகள் கழற்றப்படுகின்றன. அந்த நேரத்தில், "சில்லை ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ தம்பி, பெயாரிங் எப்படி இருக்குது?" என்று கேட்டுவிடுங்கள். அதற்குமேல் ஒரு நிமிடம்தான் ஆகும்.

கம்பர் இன்றும் ஓடுகிறார். நீண்ட பயணத்துக்குப் புறப்படும்போது ஒரு சோடிப் பெயாரிங்கும் ஒரு சீலும் சிறு டப்பா கிரீஸும் இருக்கைக்குக் கீழே இருக்கும். மாமியார் அதற்கு உமணர் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார். ஊரை விட்டு வெளியேறும் முதல் பத்து நிமிடம் வானொலியைப் போடுவதில்லை. நமது நிலைய நண்பர்கள் இதை மன்னிக்க வேண்டும்.

அடுத்த உரையில் சந்திப்போம். வணக்கம்.